ரிங் இருக்கட்டும், முதலில் டியூப்பைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா ஓட்டிய 1997 மாருதி 800 இப்போது குன்னூரில் என்னிடம் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்ப்ரேட்டர் உள்ள வண்டி, ஏசி உண்டு. பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று நான்கு மாதம் முன்பு கார்ப்ரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். அன்றிலிருந்து ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்றிக் கொடுத்தார்கள். குன்னூரில் எப்படியோ ஓடுகிறது, மேட்டுப்பாளையம் இறங்கினால் நின்ற இடத்திலெல்லாம் அணைந்துவிடுகிறது. பானட்டைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம். சில நேரம் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறது. கார்ப்ரேட்டரில் ஒரு நிப்பிள் (டியூப் மாட்டுகிற சின்ன மூக்கு) காலி. ஒரு டியூப்பின் வாயில் ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருக்கிறார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேக்கம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் பலத்தை அளக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்துவிட்டு, "முள் ஆடாமல் 9-லேயே நிற்கிறது, ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்கிறார்கள். இன்னொருவர் புதுக் கார்ப்ரேட்டர் போடச் சொல்கிறார். எந்த டியூப் எந்த நிப்பிளுக்குப் போக வேண்டும் என்று படம் போட்டுத் தர முடியுமா?

பதில்: அம்மா, எஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் இப்போதே போன் போட்டு நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி இருக்கிற வளையம், போனதற்கு ஒரு அடையாளமும் இல்லை. நீலப் புகை வருவதாகச் சொல்லவில்லை, ஆயில் குறைவதாகவும் சொல்லவில்லை. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சினுக்கு, கார்ப்ரேட்டரைக் கழற்றி மாட்டிய அன்றைக்கே ரிங் தேய்ந்துவிடுமா? எங்கே கை வைத்தார்களோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். பெடல் கல்லாகிறது என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மிதிக்கிற காலுக்குப் பலம் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் உறிஞ்சுகிற வேக்கத்தில்தான். எஞ்சின் அணைந்துபோனால் பூஸ்டருக்குள் மிச்சம் இருக்கிற வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் பிரேக் பிடிக்காமல் போகாது, ஆனால் இரண்டு காலாலும் ஏறி மிதிக்கிற மாதிரி இருக்கும். மலை இறங்குகிற வழியில் பர்லியார் வளைவில் முன்னால் ஒரு லாரி நிற்கும்போது அந்த அனுபவம் வேண்டாம். இந்தச் சோதனை முடியும்வரை வண்டியை மலை இறக்காதீர்கள்.

சோதனை சுலபம்தான். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டருக்கு வேக்கம் போகவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. இறங்கினால் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதியும் இரண்டாவது மிதியும் மெத்தென்று இருந்தால் வேக்கம் உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். முதல் மிதியே கல்லாக இருந்தால், மேனிஃபோல்டிலிருந்து (கார்ப்ரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸையும் அதில் இருக்கிற ஒருவழி வால்வையும் பாருங்கள். அந்த வால்வில் ஒரு பக்கம் ஊதினால் காற்று போகும், மறுபக்கம் ஊதினால் போகக்கூடாது. பூஸ்டர் பக்கமிருந்து எஞ்சின் பக்கம் காற்று போகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். ஹோஸ் பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில்தான் வெடித்திருக்கும், கழற்றினால்தான் தெரியும். 'உஸ்' சத்தம் பானட்டில் இல்லாமல் பெடல் பக்கத்தில், வண்டிக்கு உள்ளே கேட்டால் பூஸ்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அதை நீங்கள் தொட வேண்டாம், பிரேக் வேலை தெரிந்தவர் பார்க்கட்டும்.

சரி, இப்போது அந்த 9.

வேக்கம் கேஜோடு வருகிற அட்டையில், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17-லிருந்து 21 அங்குலம் காட்ட வேண்டும் என்று இருக்கும். பாதரச அங்குலக் கணக்கு அது. ஆனால் அந்த எண் கடல் மட்டத்துக்கு எழுதியது, சென்னைக்குச் சரி. ஆயிரம் அடி மேலே ஏறினால் ஏறக்குறைய 1 அங்குலம் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் மேலே காற்றின் அழுத்தமே குறைவு. குன்னூர் சுமார் 6,000 அடி. அங்கே நல்ல எஞ்சினே 11-லிருந்து 15-தான் காட்டும். உங்கள் 9-ஐக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் 15. இரண்டு அங்குலம் குறைவு, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்காரர் அட்டையை நம்பி எட்டு அங்குலம் குறைகிறது என்று பயந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அட்டையை அச்சடித்தவன் குன்னூரைப் பார்த்ததில்லை.

இன்னொன்று, முள் ஆடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வால்வ் எரிந்திருந்தால் முள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டுக் கீழே குதிக்கும். வால்வ் கைடு தேய்ந்திருந்தால் ஐடிலிங்கில் படபடவென்று நடுங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அடங்கும். ஆடாமல், கொஞ்சம் தாழ்ந்து நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது, இல்லை டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்தங்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் இந்த இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

மேட்டுப்பாளையத்தில் ஏன் அணைகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மலையில் காற்று லேசு. கார்ப்ரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுக்கிற மாதிரியே பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் குன்னூரில் ஓடுகிற எந்தக் கார்ப்ரேட்டர் வண்டியும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகத்தான் குடிக்கும். உங்கள் வண்டியில் ஏதோ ஒரு ஓட்டை வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. மேலே அந்தக் கூடுதல் பெட்ரோலும் இந்தக் கூடுதல் காற்றும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆயிரம் அடிக்கு இறங்கியதும் கூடுதல் பெட்ரோல் போய்விடுகிறது, ஓட்டை மட்டும் மிஞ்சுகிறது. எஞ்சின் பெட்ரோல் போதாமல் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. ரிங் தேய்ந்த எஞ்சின் குன்னூரில் ஒழுங்காகவும் மேட்டுப்பாளையத்தில் மோசமாகவும் ஓடாது, நேர்மாறாகத்தான் இருக்கும்.

சின்ன எஞ்சினில் சின்ன ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 796 சிசி, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை உறிஞ்சும். 900 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 900 சுற்றில், முழுதாக மூச்சு இழுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 360 லிட்டர். ஐடிலிங்கில் கார்ப்ரேட்டர் தட்டு மூடியிருப்பதால் உள்ளே போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 120 லிட்டர். 2 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் அதன் வழியாகவே 30 லிட்டர் போய்விடும். கால் பங்கு! சுண்டு விரல் நகத்தால் மூடிவிடலாம் அந்த ஓட்டையை, அதற்காக எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட படம். தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 800 என்பது 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. கார்ப்ரேட்டர் காலத்திலேயே ஏசி இருக்கிற வண்டிக்கு ஒரு விதம், இல்லாத வண்டிக்கு ஒரு விதம் என்று டியூப்கள் மாறும். அது போதாதென்று இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டதோ, எந்த வண்டிக் கார்ப்ரேட்டர் இதில் உட்கார்ந்திருக்கிறதோ! படத்தை நம்பி மாட்டினால் தப்பாக மாட்டியதுகூடச் சரி போலத் தெரியும். அமெரிக்காவில் விற்ற பழைய கார்களில் டியூப் போகும் வழியை அச்சடித்துப் பானட்டுக்கு அடியிலேயே ஒட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருந்தால் அது என் படத்தைவிட நம்பகமானது. இல்லையென்றால் நிப்பிளையே கேளுங்கள், அது சொல்லும்.

கார்ப்ரேட்டர் தொண்டைக்குள் ஆக்சிலேட்டர் கேபிள் திறந்து மூடுகிற ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. வேக்கம் நிப்பிள்களில் இரண்டு ரகம். தட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டு பக்கம் இருப்பது ஐடிலிங்கில் எப்போதும் பலமாக உறிஞ்சும். தட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பது ஐடிலிங்கில் சும்மா இருக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் உறிஞ்ச ஆரம்பிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு டியூப்பை மட்டும் கழற்றி நிப்பிளில் விரலை வையுங்கள். எந்த ரகம் என்று தெரிந்துவிடும். பெயின்ட் கடையில் விற்கிற மாஸ்கிங் டேப் ஒன்று வாங்கி ஒவ்வொரு டியூப்பிலும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். தொடங்குவதற்கு முன்னால் போனில் நாலு படம். துப்பட்டா, தலைமுடி, வளையல் எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. அந்த ஃபேன் கரண்டில் ஓடுவது, நினைத்த நேரத்தில் தானாகச் சுற்றும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. உங்கள் வண்டியில் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்றியிருக்கிறார்கள். அதனால் தட்டு கொஞ்சம் திறந்தே நிற்கும், மேல் ரக நிப்பிளும் லேசாக உறிஞ்சும். 'இதுவும் கீழ் ரகம்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். விரலை வைத்தபடி இன்னொருவரை ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சல் கூடினால் மேல், குறைந்தால் கீழ்.

பூஸ்டருக்கு எப்போதும் கீழ் நிப்பிள்தான், அதில் பேச்சே இல்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தட்டையான டப்பா ஒன்று தெரியும், அதற்குப் போகிற மெல்லிய டியூப் மேல் நிப்பிளில் இருக்க வேண்டும். ஓடும்போது ஸ்பார்க்கை முன்னால் தள்ளுகிற வேலை அதற்கு. தப்பாகக் கீழ் நிப்பிளில் மாட்டினால் ஐடிலிங் எகிறும், ஆக்சிலேட்டரில் காலை வைத்ததும் எஞ்சின் ஒரு கணம் தயங்கும். மாட்டாமலே விட்டால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, மைலேஜும் இழுவையும் போகும். ஏசி போட்டதும் ஐடிலிங்கைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன டயாஃப்ரத்துக்கு நடுவில் கரண்டில் திறக்கிற வால்வ் இருக்கும். குன்னூரில் ஏசி போடுகிற ஆள் நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வண்டியில் ஒரு காலி நிப்பிள், வாயடைத்த டியூப் ஒன்று. இரண்டும் ஒரு ஜோடியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஸ்க்ரூ செருகிய டியூப்பைக் கையால் பிடித்துக்கொண்டே மறுமுனைவரை போங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் போய் முடிந்தால், காலி நிப்பிளில் விரல் வைத்துப் பாருங்கள். அது மேல் ரகமாக இருந்தால் கல்யாணத்தை முடித்துவிடலாம். காலி நிப்பிள் கீழ் ரகமாக இருந்தால் அதுதான் உங்கள் திருட்டுக் காற்றின் வாசல். எங்கே போக வேண்டியது என்று தெரியும்வரை ரப்பர் மூடி போட்டு அடையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் டப்பாவுக்குள் இருக்கிற டயாஃப்ரம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மெடிக்கல் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். நாங்கள் பழைய ஆட்கள் டியூப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்ப்போம், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். டியூப்பைச் சிரிஞ்ச் மூக்கில் இறுக்கமாக மாட்டி, பிஸ்டனை இழுத்துப் பிடித்து இருபது எண்ணுங்கள், பிறகு விடுங்கள். சட்டென்று உள்ளே ஓடிப்போனால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. இழுத்த இடத்திலேயே சோம்பலாக நின்றால் கிழிந்திருக்கிறது.

டியூப்பைப் பொறுத்தவரை கண்ணை நம்பாதீர்கள், வளைத்துப் பாருங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்பாசடர் வந்தது. இழுவை இல்லை, மைலேஜ் இல்லை. பாயின்ட் மாற்றினேன், கண்டென்ஸர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், கார்ப்ரேட்டரை மூன்று முறை கழற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய இரும்புப் பைப்பின் முனையில் அரை விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் மூட்டு இருக்கும். அதன் அடிப்பக்கம் வெடித்திருந்தது, மேலே இருந்து பார்த்தால் புதுசு மாதிரி. நாலாவது நாள் என் முதலாளி வந்து, விரலால் அதை ஒரு தரம் வளைத்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வண்டிக்காரரிடம் அந்த நாலு நாள் கூலியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டியூப் எல்லாம் சரியாக இருந்தும் 'உஸ்' நிற்கவில்லையென்றால் கார்ப்ரேட்டரின் அடிப் பேக்கிங். உண்மையைச் சொன்னால் என் முதல் சந்தேகமே அதுதான். கார்ப்ரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு ஏறாமல் இருக்க ஒரு தடித்த கட்டை, அதன் இரண்டு பக்கமும் பேக்கிங். கழற்றினால் புதுப் பேக்கிங் போட வேண்டும். அவசரத்தில் பழையதையே வைத்து, கசியக்கூடாது என்று நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்குவார்கள். முறுக்க முறுக்க அடித்தட்டு வளைந்து நடுவில் இடைவெளி விழும்.

கண்டுபிடிக்க இரண்டடி ரப்பர் டியூப் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்துங்கள், டாக்டர் மாதிரி. சத்தம் எங்கே பெரிதாகிறது என்று தெளிவாகக் கேட்கும். அப்புறம் துணிக்கு அடிக்கிற தண்ணீர் பாட்டிலால் அந்த இடத்தில் லேசாகத் தூவுங்கள். ஓட்டையைத் தண்ணீர் மூடுகிற ஒரு கணம் ஐடிலிங் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயரிலும் தண்ணீர் படக்கூடாது. சிலர் பெட்ரோல் தூவுவார்கள், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள், ஊதுபத்தி கொளுத்திக் காட்டுவார்கள். சூடான எஞ்சின் பக்கத்தில் இது எதையும் யாரையும் செய்ய விடாதீர்கள். அதுவும் ஏற்கெனவே பெட்ரோல் வாடை அடித்த வண்டியில்!

அந்த வாடை என்ன ஆயிற்று? எழுதவில்லை. இன்னும் இருந்தால், வாடைக்குக் காரணமே கார்ப்ரேட்டர் இல்லாமல் இருக்கலாம். டாங்கியில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கருப்பு டப்பா ஒன்று, உள்ளே கரி நிரப்பியது, உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் டியூப்கள் வெடித்தோ இடம் மாறியோ இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புது டியூப் வாங்கும்போது உள் விட்டம் பார்த்து, பெட்ரோலும் ஆயிலும் தாங்கும் வேக்கம் ஹோஸ் என்று கேட்டு மீட்டர் கணக்கில் வாங்குங்கள். நிப்பிளில் சிரமப்பட்டு ஏற வேண்டும். வழவழவென்று ஏறினால் அது பெரியது. மீன் தொட்டி டியூப் போடாதீர்கள், சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கலர் கலராக விற்கிற சிலிக்கான் டியூப் பார்க்க அழகு, பெட்ரோல் ஆவிக்கு ஆகாது. பூஸ்டருக்கு மட்டும் அதற்கென்று விற்கிற ஹோஸ்தான். பழைய டியூப் நன்றாக இருந்து முனை மட்டும் விறைத்திருந்தால், ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டினாலே போதும்.

கசிவு நின்றதும் ஐடிலிங் தானாகவே எகிறும், பயப்படாதீர்கள். ஏற்றி வைத்த ஸ்க்ரூவை இறக்கி 900-ஐ ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் டியூப்பைக் கழற்றி அடைத்துவிட்டு. பிறகு அதே கேஜ், அதே ஒர்க்‌ஷாப். 11-க்கு மேல் காட்டினால் அவரிடம் ஆயிரம் அடிக் கணக்கையும் சொல்லிவிட்டு வாருங்கள், அடுத்தவருக்கு உதவும். இன்னும் 9-லேயே நின்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிற சோதனை, எடுக்கலாம். அதிலும் எண்கள் மலையில் குறைவாகத்தான் வரும். மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புதுக் கார்ப்ரேட்டர் யோசனை, தட்டு உட்கார்ந்திருக்கிற தண்டு தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் மட்டும். அதையும் விரலால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் டியூப்பை அடைக்க யாரும் புதிதாக ஸ்க்ரூ வாங்குவதில்லை. கார்ப்ரேட்டர் மூடியிலோ ஏர் கிளீனரிலோ ஒரு ஓட்டை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.